சிவந்த பருவுக்கு மேல் எந்த பீல்?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகி எழுதியது, கொஞ்சம் சுருக்கி:

“டாக்டர், எனக்கு 24 வயது. பாண்டிச்சேரியில் ஒரு கடையில் கணக்கு பார்க்கிறேன், தினமும் ஸ்கூட்டியில் போய் வருகிறேன். ஒன்றரை வருடமாகக் கன்னத்திலும் தாடையிலும் பரு. சிவப்பாக, வலியோடு வரும், சிலது சீழ் வைக்கும், போன பிறகு கறுப்பாகக் கறை நிற்கும். மெடிக்கலில் கொடுத்த ஒரு க்ரீமைப் போட்டால் நாலு நாளில் அடங்குகிறது, விட்டால் முன்னைவிட அதிகமாக வருகிறது. தை கடைசியில் கல்யாணம். ஒரு பார்லரில் ஐந்து சிட்டிங் கிளைகாலிக் பீல் 12,000 ரூபாய் என்கிறார்கள். அக்கா சாலிசிலிக்தான் நல்லது என்கிறாள். தோழி மஞ்சள் பீல் போட்டுக்கொண்டாள். ஆன்லைனில் ரத்தச் சிவப்பில் ஒரு பாட்டில் விற்கிறது, வீட்டிலேயே போடலாமாம். நான் எதைப் போடட்டும்? எனக்கு பீரியட்ஸ் 40, 45 நாளுக்கு ஒரு தடவைதான் வருகிறது, இதைச் சொல்லணுமா என்று தெரியவில்லை.”

அன்புள்ள தங்கைக்கு,

நேராகவே சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு உங்கள் முகம் இருக்கிற நிலையில் எந்த பீலும், அதாவது அமிலம் பூசித் தோலின் மேலடுக்கை உரிய வைக்கிற எந்த வைத்தியமும், வேண்டாம். முதலில் மருந்து போட்டு அந்தச் சிவப்பும் வலியும் அடங்கட்டும். ஆறு வாரம் போன பிறகும் பீல் தேவை என்று பட்டால் சாலிசிலிக்கோ மாண்டெலிக்கோ போடலாம், அதுவும் தோல் மருத்துவர் கையால். கிளைகாலிக் உங்களுக்கு இப்போது ஒத்துவராது. மஞ்சள் பீல், கல்யாணத்தை மனதில் வைத்துப் பார்த்தால், வேண்டவே வேண்டாம். அந்தச் சிவப்பு பாட்டிலை வாங்கியிருந்தால் திறக்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள். உங்கள் அக்கா சொன்னது முக்கால்வாசி சரி. காரணம் தெரிந்தால்தான் பார்லரில் யாராவது வற்புறுத்தும்போது உறுதியாக மறுக்க முடியும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பருவைக் கண்ணாடியில் பார்க்கும்போது தோலுக்கு மேல் முளைத்தது மாதிரி தெரியும். ஆனால் சங்கதி உள்ளே நடக்கிறது. முடிக்காலோடு ஒட்டியிருக்கும் எண்ணெய்ச் சுரப்பியின் வாய் இறந்த செல்களால் அடைத்துக்கொள்கிறது, உள்ளே எண்ணெய் தேங்குகிறது, எல்லார் தோலிலும் எப்போதும் குடியிருக்கிற ஒரு பாக்டீரியா அந்த எண்ணெயில் பெருகுகிறது, உடம்பு அதை எதிர்த்துச் சண்டை போடுகிறது. வெறும் கரும்புள்ளி, வெண்புள்ளி என்றால் அடைப்போடு நிற்கிறது என்று அர்த்தம். சிவந்து, வீங்கி, தொட்டால் வலித்தால் சண்டை ஆரம்பித்துவிட்டது, அதைத்தான் அழற்சி என்கிறோம். பீல் செய்வது என்னவென்றால், மேல்தோலின் மேலடுக்கை ஓர் அமிலத்தால் தளர்த்தி உதிர வைத்து, அந்த அடைப்பைத் திறக்கிறது. அதனால் கரும்புள்ளிக்கு நல்ல பலன் கிடைக்கும், சின்னச் சின்ன சிவந்த பருவுக்கு ஓரளவு கிடைக்கும், ஆழத்தில் கட்டியாக உட்கார்ந்திருக்கும் பருவுக்கு பீல் எட்டவே எட்டாது.

சரி, இப்போது அமிலங்களுக்கு வருவோம்.

கிளைகாலிக் என்பது கரும்பில் இருக்கும் அமிலம். நெல்லிக்குப்பம் சாலையில் கரும்பு லாரிக்குப் பின்னால் வண்டி ஓட்டிய உங்களுக்கு அது சாதுவாகத் தோன்றலாம், பார்லர்காரர்களும் ‘இயற்கையானது, கரும்பிலிருந்து வருவது’ என்றுதான் சொல்வார்கள். பீலுக்கு வரும் பாட்டிலில் இருப்பது தொழிற்சாலையில் தயாரித்த, 30 சதவீதத்திலிருந்து 70 சதவீதம் வரைக்கும் செறிவுள்ள அமிலம். அதன் மூலக்கூறு ரொம்பச் சின்னது, தண்ணீரில் கரைவது, அதனால் தோலுக்குள் சரசரவென்று இறங்கும். முக்கியமான விஷயம், அது தானாக நிற்காது. எத்தனை நிமிடம் முகத்தில் இருக்கிறதோ அத்தனை ஆழம் போகும், சோடியம் பைகார்பனேட் கரைசலை ஊற்றி, அதாவது நம் சமையல் சோடாதான், நிறுத்தினால்தான் நிற்கும். நல்ல தோலில் இதைக் கணித்துப் போடலாம், மங்குவுக்கும் வெயில் கருமைக்கும் நானே நிறையப் பேருக்குப் போடுகிறேன். சிவந்த பரு இருக்கும் முகத்தில் என்ன ஆகும் என்றால், பரு உள்ள இடங்களில் தோலின் காப்பு ஏற்கெனவே விட்டுப்போயிருக்கும், அமிலம் மற்ற இடத்தைவிட அங்கே மட்டும் வேகமாக உள்ளே ஓடும். கன்னம் முழுக்க லேசாகச் சிவந்துகொண்டிருக்கும்போது பரு இருக்கும் இரண்டு மூன்று புள்ளிகளில் மட்டும் திடீரென்று வெந்துவிடும்.

இதைப் புத்தகத்தில் படித்ததை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. நான் தொழிலுக்கு வந்த புதிதில், பரு முழுசாக அடங்காத ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு 50 சதவீத கிளைகாலிக் போட்டேன். பரீட்சை லீவுக்குள் முடிக்க வேண்டும் என்று அவள் கேட்டாள், நானும் ஒத்துக்கொண்டேன். இடது கன்னத்தில் இரண்டு இடம் கருஞ்சிவப்பாகி, பொருக்கு தட்டி, பொருக்கு உதிர்ந்த பிறகு பாக்கு அளவுக்கு இரண்டு பழுப்புக் கறையாக நின்றது. மங்குவதற்கு ஏழு மாதம் ஆயிற்று. அந்தப் பெண் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஒவ்வொரு மாதமும் வந்து பொறுமையாகக் காட்டிவிட்டுப் போனாள், அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அன்றிலிருந்து தேதியைக் காட்டி அவசரப்படுத்துகிறவர்களுக்கு நான் பீல் போடுவதில்லை.

நம் நிறத்துக்கு இதுதான் பெரிய ஆபத்து. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்களின் விரல்களைப் பார்த்திருப்பீர்கள். கொட்டையின் ஓட்டிலிருக்கும் எண்ணெய் பட்டுப் பட்டுத் தோல் வெந்து கறுத்துப் போயிருக்கும். அது வேறு ரசாயனம், ஆனால் தோல் நடந்துகொள்ளும் விதம் இங்கேயும் அதுதான். மாநிறத் தோலில் எங்கே காயமோ, சூடோ, எரிச்சலோ பட்டாலும் நிறமி செல்கள் பயந்துபோய் நிறத்தைக் கொட்டும். வெள்ளைக்காரத் தோலில் ஒரு வாரச் சிவப்போடு போகிற விஷயம் நம் தோலில் ஆறு மாதக் கறையாக நிற்கும். உங்களுக்குப் பரு போன இடமெல்லாம் கறுப்பாக நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே உங்கள் தோல் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறது. பருவுக்கே கறுக்கிற தோல், தவறிப்போன பீலுக்கு இன்னும் கறுக்கும்.

சாலிசிலிக் இதற்கு மாறான குணம் உள்ளது. அது எண்ணெயில் கரைவது. பருவின் பிரச்சினையே எண்ணெய் தேங்கிய குழாயில்தான் என்பதால், போக வேண்டிய இடத்துக்கே போய்ச் சேருகிறது, அடைப்பைக் கரைக்கிறது. கூடவே அழற்சியைத் தணிக்கும் குணமும் உண்டு, ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சொந்தக்கார அமிலம் அது. பீலுக்கு 20 அல்லது 30 சதவீதம், ஆல்கஹாலில் கரைத்து வரும். தடவியதும் இரண்டு மூன்று நிமிடம் சுரீரென்று எரியும், கையில் விசிறி கொடுத்து உட்கார வைப்போம், அப்புறம் அந்த இடம் மரத்துப்போன மாதிரி ஆகிவிடும். ஆல்கஹால் ஆவியானதும் முகத்தில் விபூதி பூசினது போல வெள்ளைப் பொடி படியும். நிறையப் பேர் அதைப் பார்த்துத் தோல் வெந்துவிட்டது என்று பயந்துவிடுகிறார்கள். அது படிகம்தான், தண்ணீரில் கழுவினால் போய்விடும். அந்தப் பொடி படிந்துவிட்டால் அமிலம் அதற்கு மேல் உள்ளே இறங்குவதும் அநேகமாக நின்றுவிடும், கிளைகாலிக் மாதிரி ஓடி ஓடி நிறுத்த வேண்டியதில்லை. பரு உள்ள மாநிற முகத்துக்கு நான் முதலில் இதை எடுப்பதற்குக் காரணம் இந்தப் பாதுகாப்புதான். ஆனால் ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள், வலி மாத்திரை போட்டால் வீசிங் வருகிறவர்கள், கர்ப்பிணிகள் இவர்களுக்கு இது கூடாது. உங்களுக்கு அப்படி ஏதாவது இருந்தால் எந்த டாக்டரிடம் போனாலும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மாண்டெலிக் கசப்பு பாதாமிலிருந்து முதலில் எடுத்த அமிலம். கிளைகாலிக்கின் குடும்பம்தான், ஆனால் மூலக்கூறு பெரியது, மெதுவாக, எல்லா இடத்திலும் ஒரே சீராக இறங்கும். எரிச்சல் குறைவு. சாலிசிலிக்கையும் மாண்டெலிக்கையும் கலந்த பீலும் உண்டு, சென்சிடிவ் தோலுக்கு எனக்கு அது பிடித்த கலவை.

இதெல்லாம் என் கைப்பழக்கம் மட்டும்தானா என்று நீங்கள் கேட்கலாம். ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன, எல்லாம் சின்ன ஆய்வுகள். 2008ல் வந்த ஒன்றில் 20 பேருக்கு முகத்தின் ஒரு பாதியில் கிளைகாலிக் 30 சதவீதம், மறு பாதியில் சாலிசிலிக் 30 சதவீதம் போட்டார்கள். இரண்டு பக்கமும் பரு குறைந்தது, ஆனால் நிறுத்தி இரண்டு மாதம் கழித்தும் பலன் நின்றது சாலிசிலிக் பக்கத்தில், தொந்தரவும் அந்தப் பக்கம் குறைவு. 2009ல் நம் நாட்டில் 44 பேரை வைத்து கிளைகாலிக் 35 சதவீதத்தையும், சாலிசிலிக் 20 மாண்டெலிக் 10 கலவையையும் ஒப்பிட்டார்கள், செயலில் இருக்கும் பருவுக்கும் கறைக்கும் கலவைதான் மேலாக இருந்தது. 2020ல் இங்கேயே செய்த இன்னொன்றில் மாண்டெலிக் 45 சதவீதமும் சாலிசிலிக் 30 சதவீதமும் மொத்தத்தில் சமமாக வந்தன, கரும்புள்ளி வகைக்கு சாலிசிலிக்கும் சிவந்த பருவுக்கு மாண்டெலிக்கும் கொஞ்சம் முன்னால் நின்றன. அதனால்தான் அக்கா சொன்னது முக்கால்வாசி சரி என்றேன், மீதிக் கால்வாசி மாண்டெலிக்குக்கு. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமி 2024ல் வெளியிட்ட முகப்பரு வழிகாட்டியில், பீலைச் சிபாரிசு செய்கிற அளவுக்குச் சான்று போதவில்லை என்றே எழுதியிருக்கிறார்கள். பீல் பயனற்றது என்று அதற்கு அர்த்தம் கிடையாது. பருவுக்கு மருந்துதான் சாப்பாடு மாதிரி, பீல் கூட வைக்கிற தொடுகறி. தொடுகறியை மட்டும் 12,000 ரூபாய்க்கு வாங்கிச் சாப்பாட்டை விட்டுவிடாதீர்கள்.

தோழி போட்டுக்கொண்ட மஞ்சள் பீல் ரெட்டினாயிக் அமிலம், வைட்டமின் ஏ குடும்பம். மஞ்சளாகப் பூசி விடுவார்கள், எரியாது, சில மணி நேரம் வைத்திருந்து வீட்டில் கழுவச் சொல்வார்கள், இரண்டு மூன்று நாள் கழித்துத் தோல் சவ்வு சவ்வாக உரியும். கர்ப்பத்தில் இந்தக் குடும்பமே ஆகாது. கல்யாணம் வைத்திருக்கிற பெண்ணுக்கு, குழந்தை எப்போது என்ற முடிவு கையில் இல்லாதபோது, நான் போட மாட்டேன். ஜெஸ்னர் என்று ஒன்று சொல்வார்கள், அதில் சாலிசிலிக், லாக்டிக், ரிசார்சினால் மூன்றும் இருக்கும், பருவுக்கு வேலை செய்யும், ஆனால் ஒரு வாரம் தோல் உரிந்துகொண்டே இருக்கும், வேலைக்குப் போகிறவர்களுக்குத் தொல்லை. டிசிஏ, அதாவது ட்ரைகுளோரோ அசிட்டிக் அமில பீல், குழித் தழும்புக்கு, பரு முழுசாக நின்ற பிறகு பேச வேண்டியது, உங்களுக்கு இப்போது அந்தப் பேச்சே வேண்டாம்.

அந்தச் சிவப்பு பாட்டில். அப்படி வருபவற்றில் பல 30 சதவீதப் பழ அமிலமும் 2 சதவீத சாலிசிலிக்கும் கலந்தவை, இன்னும் சிலர் 70 சதவீத கிளைகாலிக்கையே கூரியரில் அனுப்புகிறார்கள். சதவீதம் மட்டும் பார்த்தால் போதாது, பிஹெச், அதாவது அமிலத்தன்மையின் அளவு, எவ்வளவு என்பதில்தான் உண்மையான வலு இருக்கிறது, ஒரே 30 சதவீதம் ஒரு பாட்டிலில் சாதுவாகவும் இன்னொன்றில் தோலைச் சுடுகிற அளவுக்கும் இருக்கலாம். 2024 ஜூலையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, செறிவு அதிகமான பீல்களை வாங்கி மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் வீட்டில் போட வேண்டாம் என்று எச்சரித்தது, சூடு பட்ட மாதிரி காயமும் தொற்றும் நிறமாற்றமும் தழும்பும் வரலாம் என்று. குளியலறைக் கண்ணாடி முன்னால் நிற்கும்போது எந்த இடம் வெந்துகொண்டிருக்கிறது என்று உங்களால் பார்த்துச் சொல்ல முடியாது.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை கொடுத்தது பீல் பற்றிய கேள்வியே இல்லை, மெடிக்கலில் வாங்கின அந்த க்ரீம்தான். போட்டால் நாலு நாளில் அடங்குகிறது, விட்டால் முன்னைவிட அதிகம். இப்படி யார் சொன்னாலும் என் மனதில் வருவது ஸ்டீராய்டு. டியூபை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன், குளோபெட்டசால், புளூசினோலோன் என்று ஏதாவது பெயர் இருக்கிறதா? ‘வெளுக்கும் க்ரீம்’ என்று கொடுப்பதில் ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின், மோமெட்டசோன் மூன்றும் கலந்தது ரொம்பச் சகஜம். ஸ்டீராய்டு சிவப்பைத் தற்காலிகமாக அமுக்கும், அதே நேரம் தோலை மெல்லிசாக்கும், சின்ன ரத்தக் குழாய்களைத் தெரிய வைக்கும், புதுசாக ஒரு வகைப் பருவையே கிளப்பும். அந்த மெல்லிசான தோல் மேல் பீல் போட்டால் இரண்டு மடங்கு எரியும். எத்தனை மாதமாகப் போடுகிறீர்கள் என்று எழுதவில்லை. சில வாரத்துக்கு மேல் ஆகியிருந்தால் திடீரென்று நிறுத்தாதீர்கள், முகம் பொங்கிக்கொண்டு வரும், எப்படி இறக்குவது என்று நேரில் பார்க்கிற டாக்டர் சொல்ல வேண்டும். போகும்போது அந்த டியூபைக் கையில் கொண்டுபோங்கள், பெயரைச் சொல்வதைவிட அது மேல். காலி டியூபாக இருந்தாலும் பரவாயில்லை.

பீரியட்ஸ் விஷயம் சொல்லணுமா என்று தயங்கியிருக்கிறீர்கள். கட்டாயம் சொல்லணும். தாடையை ஒட்டிப் பரு, 45 நாளுக்கு ஒரு முறை பீரியட்ஸ் என்றால் பிசிஓஎஸ், அதாவது ஹார்மோன் சீர்கெட்டுச் சினைப்பையைப் பாதிக்கிற பிரச்சினை, இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மோவாயில் முடி, தலையில் முடி கொட்டுவது, சமீபத்தில் எடை ஏறியது இதெல்லாம் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனையும் ஒரு ஸ்கேனும் எடுப்பார்கள், அவ்வளவுதான். உள்ளே ஹார்மோன் எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டிக்கொண்டே இருக்கும்போது வெளியே எத்தனை சிட்டிங் போட்டாலும் பரு திரும்பி வரும். கல்யாண நேரத்தில் இந்தப் பேச்சு வீட்டில் வேண்டாம் என்று அம்மா நினைக்கலாம். பெண்களில் ரொம்பச் சாதாரணமாக இருக்கிற, வைத்தியம் உள்ள விஷயம் இது, மறைக்க ஒன்றுமே இல்லை என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

மருந்து என்றால் என்ன? உங்கள் மாதிரிப் பருவுக்குப் பெரும்பாலும் இரவில் அடாபலின், கூடவே பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம், பரு நிறைய இருந்தால் சில வாரத்துக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை. உங்கள் முகத்தில் அந்த க்ரீமின் சேதம் எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் எதை எப்போது ஆரம்பிப்பது என்று டாக்டர் முடிவெடுப்பார், அதனால் நீங்களாகப் போய் வாங்க வேண்டாம். இரண்டு டியூபும் சில நூறு ரூபாய்க்குள் வரும். முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவுதான், பருவின் மேல் புள்ளி வைப்பது தப்பு. முதல் இரண்டு மூன்று வாரம் காய்ந்து, லேசாக உரிந்து, சிலருக்குப் பரு கூடின மாதிரியும் இருக்கும், அங்கேதான் பாதிப் பேர் நிறுத்திவிட்டு பீலைத் தேடிப் போகிறார்கள். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கொடுத்தால்தான் முழுப் பலன் தெரியும். பென்சாயில் பெராக்சைடு துணியை வெளுக்கும், நல்ல துப்பட்டாவையும் கலர் தலையணை உறையையும் தள்ளி வையுங்கள். டாக்ஸிசைக்ளினைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு போட்டு அரை மணி நேரம் படுக்காமல் இருங்கள், தொண்டைக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். வெயிலும் சீக்கிரம் சுடும். கட்டிப் பருவும் குழியும் விழுகிற அளவுக்குப் போனால் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை உண்டு, அருமையான மருந்து, ஆனால் அதைச் சாப்பிடும்போதும் நிறுத்தி ஒரு மாதம் வரைக்கும் கர்ப்பம் தரிக்கவே கூடாது, குழந்தைக்குப் பெரிய ஊனம் வரலாம். அடாபலின், டாக்ஸிசைக்ளின் கூடக் கர்ப்பத்தில் நிறுத்த வேண்டியவை. கல்யாணத்துக்குப் பிறகு உடனே குழந்தை என்று திட்டமா, தள்ளிப்போடுவதா என்று டாக்டர் கேட்டால் கூச்சப்படாமல் சொல்லுங்கள், அதை வைத்துத்தான் மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியும். கர்ப்பத்திலும் போடக்கூடியது அசிலாயிக் அமிலம், அது கறையையும் மெதுவாக மங்க வைக்கும்.

இப்போது நாட்காட்டி. ஐப்பசியில் எழுதியிருக்கிறீர்கள், தை கடைசி என்றால் மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறது, அது போதும். இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். கார்த்திகை பாதி தாண்டினதும் சிவப்பு நன்றாக அடங்கியிருந்தால் முதல் சாலிசிலிக், இரண்டு மூன்று வாரம் இடைவெளியில் இரண்டாவது, முகம் ஏற்றுக்கொண்டால் மூன்றாவது. பீலுக்கு நாலைந்து நாள் முன்னால் அடாபலினை நிறுத்தச் சொல்வார்கள், த்ரெடிங், வேக்ஸிங், ப்ளீச் எதுவும் ஒரு வாரம் முன்னும் பின்னும் கூடாது. உதட்டில் அக்கி மாதிரி கொப்புளம் அடிக்கடி வருமென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், அதற்கு மாத்திரை கொடுத்துவிட்டுத்தான் போட வேண்டும். கடைசி பீலுக்கும் நலங்குக்கும் நடுவில் மூன்று வாரமாவது இருக்கட்டும். உரிந்த தோல்மேல் மஞ்சளும் கடலை மாவும் வைத்து ஆளாளுக்குத் தேய்த்தால் முகூர்த்தத்துக்கு முகம் செக்கச்செவேல் என்று நிற்கும். எலுமிச்சம்பழத்தை முகத்தில் தேய்க்க விடாதீர்கள், அந்தச் சாற்றோடு வெயிலும் பட்டால் கறுத்துப்போகும். மேக்கப் போடுகிறவரிடம் ஒரு மாதம் முன்னால் ஒரு தடவை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் புதுசாக எதுவும் வேண்டாம், எந்த க்ரீமும், எந்த ஃபேஷியலும்.

தினமும் அரியாங்குப்பம், கன்னியக்கோயில் வழியாக 20 கிலோமீட்டருக்கு மேல் ஸ்கூட்டியில் போய் வருகிறீர்கள். காலையில் போகும்போது சூரியன் ஒரு கன்னத்தில், சாயங்காலம் திரும்பும்போதும் அதே கன்னத்தில்கூட விழலாம், எந்தப் பக்கம் கறை அதிகம் என்று கண்ணாடியில் பாருங்கள். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன், இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி, கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்னால் முகத்துக்கும் கழுத்துக்கும். மதியம் ஒரு தடவை, கிளம்பும் முன் ஒரு தடவை. எண்ணெய் வழிகிற முகம் என்றால் ஜெல் வகை. லேசான தோல் நிறச் சாயம் கலந்தது கிடைத்தால் கறைக்கு இன்னும் நல்லது. ஹெல்மெட்டின் தாடைப் பட்டையும் உள் பஞ்சும் எண்ணெயும் வியர்வையும் ஊறியிருக்கும், தாடைப் பருவுக்கு அந்த உராய்வும் ஒரு காரணம், வாரம் ஒரு முறை துவைத்துக் காயப்போடுங்கள், முகத்தில் கட்டுகிற துப்பட்டாவைத் தினமும் மாற்றுங்கள். ஹெல்மெட்டை மட்டும் எந்தப் பருவுக்காகவும் விட்டுவிடாதீர்கள். சன்ஸ்கிரீனை இப்படி ஒழுங்காகப் போட முடியாது என்றால் பீலே வேண்டாம், நான் கண்டிப்பாகச் சொல்வேன்.

பார்லர் பேக்கேஜுக்கு முன்பணம் கட்டியிருந்தால் போய்த் திரும்பக் கேளுங்கள். தராவிட்டாலும் பரவாயில்லை, கட்டின காசுக்காக முகத்தைக் கொடுக்க வேண்டாம். எங்கே போனாலும் கேட்க வேண்டியவை இவ்வளவுதான்: இது என்ன அமிலம், எத்தனை சதவீதம், பாட்டிலைக் காட்டுங்கள், தேதி முடிந்துவிட்டதா, போடப்போவது யார், வெந்துபோனால் யார் பார்ப்பார்கள். பதில் சொல்லாமல் ‘பயப்படாதீங்க மேடம்’ என்று சிரித்தால் எழுந்து வந்துவிடுங்கள். பீல் போட்ட பிறகு ஒரு நாள் இறுக்கமாகவும், மூன்று நாலு நாள் பொடிப்பொடியாக உரிவதாகவும் இருப்பது சகஜம், பிய்த்து எடுக்காமல் மாய்ஸ்சரைசர் போட்டு விட்டுவிடுங்கள். எரிச்சல் மறுநாளும் நிற்காமல் இருந்தாலோ, கொப்புளமோ பொருக்கோ மஞ்சள் நீரோ வந்தாலோ உடனே போட்ட டாக்டரிடம் போங்கள், அதற்கு நடுவில் பச்சைத் தண்ணீர் ஒத்தடம் போதும். மெடிக்கலில் கேட்டு எதையும் மேலே பூச வேண்டாம்.

செலவு பற்றி யோசித்தால், பாண்டிச்சேரியில் மத்திய அரசு மருத்துவமனையான ஜிப்மரில் தோல் பிரிவு இருக்கிறது. கோரிமேடு போக ஒரு நாள் காலை வேலைக்கு லீவு சொல்ல வேண்டியிருக்கும், சீக்கிரம் போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள். தனியாரிடம் போவதென்றால் தோல் மருத்துவம் படித்தவரா என்று பெயர்ப்பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த டியூபில் என்ன பெயர் போட்டிருக்கிறது, எத்தனை மாதமாகப் போடுகிறீர்கள் என்று மட்டும் எனக்கு மறுபடி எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.